கல்லூரி குவாட்டர்பேக்கை எடைபோடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கன் ஃபுட்பாலைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கிய நண்பர்கள் ஏப்ரல் வந்தால் என்னைப் பிடித்துக்கொள்வார்கள். என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீகின் அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் நடக்கும் மாதம் அது. பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக்கைப் பற்றிய கேள்விகள் வருடாவருடம் ஏறக்குறைய அதேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

டிராஃப்ட் என்றால் ஐபிஎல் ஏலம் மாதிரியா?

இல்லை. ஏலத்தில் பணம் பேசும், டிராஃப்டில் வரிசை பேசும். 32 அணிகள், 7 சுற்றுகள். போன பருவத்தில் கடைசியாக வந்த அணிக்கு முதல் தேர்வு. கல்லூரியிலிருந்து வரும் வீரருக்கு எந்த ஊர், எந்த அணி என்று சொல்ல வாய்ப்பே இல்லை. யார் பெயரை வாசிக்கிறார்களோ அங்கேதான். பள்ளி முடித்து மூன்று ஆண்டுகள் ஆகாதவர் இதற்குள் வர முடியாது. தன் முறையை இன்னோர் அணியோடு மாற்றிக்கொள்ள அணிகளுக்கு உரிமை உண்டு. பெரும்பாலான கூத்து அங்கேதான் நடக்கிறது.

மற்ற இடங்களுக்கும் ஆள் எடுக்கிறார்களே, குவாட்டர்பேக்குக்கு மட்டும் ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்?

தாக்குதல் ஆட்டத்தில் அநேகமாக ஒவ்வொரு முறையும் பந்து அவர் கைக்கு வந்துதான் போகிறது. நல்ல குவாட்டர்பேக் இருக்கும் அணி மற்ற குறைகளோடும் பிழைத்துக்கொள்ளும். அவர் இல்லாத அணி எத்தனை கோடி செலவழித்தாலும் நாக்-அவுட் சுற்று நடக்கும் ஜனவரியில் வீட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான்.

பணக் கணக்கும் உண்டு. 2010-இல் முதல் தேர்வான சாம் பிராட்ஃபோர்டுக்கு 6 ஆண்டுகளுக்கு 7.8 கோடி டாலர் ஒப்பந்தம், அதில் 5 கோடி உறுதி. அடுத்த ஆண்டே புதிய தொழிலாளர் ஒப்பந்தம் வந்து புதுமுகங்களின் சம்பளத்துக்கு உச்சவரம்பு வைத்தது. 2011-இன் முதல் தேர்வு கேம் நியூட்டனுக்கு 4 ஆண்டுகளுக்குச் சுமார் 2.2 கோடிதான். அதாவது நல்ல குவாட்டர்பேக் டிராஃப்டில் கிடைத்துவிட்டால் நான்கைந்து ஆண்டுகளுக்கு அவர் மலிவு. மிச்சமாகும் பணத்தில் மற்ற இடங்களை நிரப்பிக்கொள்ளலாம். இந்த ஆசைதான் நிதானமானவர்களையும் பதற வைக்கிறது.

உயரம், எடை, கை அளவு எல்லாம் பார்க்கிறார்களாமே? மாப்பிள்ளை பார்ப்பது போல!

கிட்டத்தட்ட அதேதான். குளிர்காலம் முடியும் தறுவாயில் இண்டியானாபோலிஸில் கம்பைன் என்ற நிகழ்ச்சி நடக்கும். அழைக்கப்பட்ட மாணவர்களை நிற்க வைத்து அளந்து, ஓட விட்டு, குதிக்க விட்டு, மருத்துவர்களிடம் அனுப்புவார்கள். கையை மேசை மேல் முடிந்தவரை விரிக்கச் சொல்லி, கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை அளப்பார்கள். ஒன்பது அங்குலத்துக்குக் குறைந்தால் மறுநாள் தலைப்புச் செய்தி.

2020-இல் ஜோ பரோவுக்குச் சரியாக 9 அங்குலம் வந்தது. இத்தனை சின்னக் கையிலிருந்து பந்து நழுவிவிடுமாம், ஓய்வு பெறலாமா என்று யோசிக்கிறேன் என்று அவரே ட்விட்டரில் கிண்டலடித்தார். முதல் தேர்வாகவே போனார். இரண்டாம் ஆண்டில் சின்சினாட்டியை லீகின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுல் வரை கொண்டுபோனார்.

உயரமும் அப்படித்தான். ரஸ்ஸல் வில்சன் 5 அடி 11 அங்குலத்தைக்கூட எட்டாதவர். 2012-இல் மூன்றாம் சுற்று வரை காத்திருந்தார், இரண்டாவது பருவத்திலேயே சூப்பர் பவுல் வென்றார். எதிர்ப்பக்கம் ஜமார்கஸ் ரஸ்ஸல்: ஆறரை அடி உயரம், துப்பாக்கி போன்ற வீச்சு, 2007-இன் முதல் தேர்வு. மூன்று பருவத்தில் கதை முடிந்தது. அளவுகள் பொய் சொல்வதில்லை, ஆனால் நாம் கேட்கும் கேள்விக்குப் பதிலும் சொல்வதில்லை. மருத்துவப் பரிசோதனையை மட்டும் நான் இதில் சேர்க்க மாட்டேன். கம்பைனில் அணிகளுக்கு உண்மையிலேயே பயன்படுவது அதுதான்.

சரி, வீச்சின் வலு முக்கியமில்லையா?

முக்கியம். ஆனால் ‘எவ்வளவு தூரம் எறிகிறார்’ என்று பார்ப்பது தப்பான அளவுகோல். 65 யார்டு (ஒரு யார்டு மூன்று அடி) எறிந்து காட்டுவது கண்காட்சிக்கு நல்லது. ஒரு முழு ஆட்டத்தில் அதற்கு ஒருமுறை வாய்ப்பு வந்தாலே அதிகம்.

நான் தேடிப் பார்க்கும் வீச்சு வேறு. மைதானத்தில் பந்தை வைக்கும் இடத்தைக் குறிக்கும் ஹாஷ் கோடுகள் கல்லூரியில் 40 அடி இடைவெளியில் இருக்கும், என்.எஃப்.எல்.-இல் வெறும் பதினெட்டரை அடி. மைதானத்தின் அகலம் 160 அடி. ஆக, கல்லூரி ஆட்டத்தில் பந்து இடது ஹாஷில் இருந்தால் வலது ஓரக்கோடு 100 அடி தள்ளி இருக்கிறது. பந்தைப் பிடிக்க வேண்டிய ரிசீவர் 12 யார்டு ஓடி வலது ஓரமாக வெட்டித் திரும்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டக் கணக்கில் அது 12 யார்டு. குவாட்டர்பேக் பின்வாங்கி நிற்கும் தூரத்தையும் சேர்த்தால் பந்து காற்றில் போவது 35 யார்டுக்கு மேல். அதுவும் தட்டையாக, ரிசீவர் திரும்புவதற்கு முன்பே கையை விட்டுக் கிளம்ப வேண்டும். அரை நொடி தாமதித்தால், அல்லது பந்து தொங்கினால், டிஃபென்ஸ் வீரர் குறுக்கே பாய்ந்து எதிர்த்திசையில் ஓடிக்கொண்டிருப்பார்.

ஒரு பையனின் நாலு ஆட்டத்தைப் பார்க்கிறேன், இந்த வீச்சு ஒருமுறைகூட இல்லை என்றால், அவரால் முடியாது என்று அவருடைய பயிற்சியாளருக்கே தெரிந்திருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

வீடியோவில் வேறு எதைப் பார்க்க வேண்டும்? ஹைலைட்ஸ் போதாதா?

ஹைலைட்ஸ் பார்த்தால் எல்லோரும் நட்சத்திரக் குவாட்டர்பேக் மஹோம்ஸ்தான்! அதை மூடி வைத்துவிட்டு ஏதாவதொரு ஆட்டத்தின் மூன்றாவது டவுன்களை மட்டும் ஓட விடுங்கள். பத்து யார்டு முன்னேற ஓர் அணிக்கு நாலு வாய்ப்பு, ஒவ்வொன்றும் ஒரு டவுன். முடிந்தால் தோற்ற ஆட்டமாக இருக்கட்டும்.

மூன்றாவது டவுன், 8 யார்டு தேவை. பந்து பின்னால் வருவதற்கு முன் வீடியோவை நிறுத்துங்கள். கடைசிக் காவலாக நிற்கும் சேஃப்டிகளை எண்ணுங்கள். இரண்டு பேர் ஆழத்தில் நிற்கிறார்கள். முன் வரிசையில் ஆறு பேர் பாயத் தயாராக இருப்பது போல் பாவனை. இப்போது ஓட விடுங்கள். பந்து கைக்கு வந்த அதே கணத்தில் ஒரு சேஃப்டி கீழே இறங்குகிறார், பாய்வதாகக் காட்டிய இருவர் பின்வாங்குகிறார்கள். முன்பு பார்த்த படம் முழுக்க மாறிவிட்டது. குவாட்டர்பேக்கின் ஹெல்மெட் எந்தப் பக்கம் திரும்புகிறது? முதலில் நினைத்த ஆளையே முறைத்துக்கொண்டு நிற்கிறாரா, அடுத்த ஆளுக்குப் போகிறாரா? பார்வை போகும் பக்கம் கால்களும் போகின்றனவா? பக்கத்தில் அவரைக் காக்கும் லைன்மேன் ஒருவர் தோற்றுப்போய் எதிராளி கையை நீட்டும்போது, கண் இன்னும் தூரத்தில் இருக்கிறதா, பாய்ந்து வருபவர் மேல் இறங்கிவிட்டதா?

இதற்கெல்லாம் அவருக்குக் கிடைப்பது இரண்டரை நொடி. அதில் கண் இறங்கிவிடுபவரை நான் பயந்தவர் என்று சொல்ல மாட்டேன். உடம்பின் இயல்பு அது. ஆனால் அந்த இயல்பை மாற்றுவது மிகக் கடினம். வீசும் பாணியைத் திருத்துவதை விடக் கடினம்.

இன்னொரு பழக்கமும் கவனிக்க வேண்டியது. எதிராளிகள் நெருக்கிய முறைகளில் எத்தனை சதவீதம் ‘சாக்’ ஆகிறது, அதாவது பந்தோடு சேர்த்து வீழ்த்தப்படுகிறார் என்ற கணக்கு. சாக் என்றாலே லைன்மேன்களைத் திட்டுவது வழக்கம். பாதித் தப்பு பந்தை விடாமல் வைத்திருப்பவருடையது. கேலப் வில்லியம்ஸ் கல்லூரியில் பந்தை நீண்ட நேரம் வைத்துக்கொண்டு மாயம் காட்டுவார். பார்க்க அத்தனை அழகு. 2024-இல் முதல் தேர்வாக சிகாகோ போனார், முதல் பருவத்தில் 68 முறை சாக். லைன் மோசம்தான், மறுக்கவில்லை. ஆனால் பழக்கமும் பெட்டியோடு கூடவே வந்திருந்தது.

புள்ளிவிவரங்களை நம்பலாமா?

கல்லூரிப் புள்ளிவிவரங்களைப் பார்க்கும்போது யார் அவருக்காக ஆடினார்கள், யாருக்கு எதிராக ஆடினார்கள் என்று முதலில் கேளுங்கள். பல கல்லூரி அணிகளில் ஓரத்தில் நிற்கும் பயிற்சியாளர்கள் அட்டைகளையும் கை சைகைகளையும் காட்டுவார்கள். குவாட்டர்பேக் தலையைத் திருப்பிப் பார்த்து, மைதானத்தின் ஒரு பாதியில் மட்டும் இரண்டு ஆட்களைப் பார்த்து எறிந்துவிடுவார். 70 சதவீதம் பிடிபடும். அந்த 70-இல் எவ்வளவு அவருடையது, எவ்வளவு பயிற்சியாளருடையது?

அதற்காகத் தூக்கி எறியவும் கூடாது. பரோவின் 2018 பருவம் சாதாரணம்: 16 டச்டவுன் பாஸ்கள் (பந்தை எதிர் எல்லைக்குள் சேர்த்துப் புள்ளி எடுத்த வீச்சுகள்), பிடிபட்டது 57.8 சதவீதம். அடுத்த ஆண்டு 60 டச்டவுன், 76.3 சதவீதம், 15 ஆட்டம், 15 வெற்றி. ஒரே வருடத்தில் இப்படி வளர்ந்தவரை நம்பலாமா என்று அப்போது நிறையப் பேர் தயங்கினார்கள். மூன்றாவது டவுன்களைப் பார்த்தவர்களுக்குத் தயக்கமில்லை.

எத்தனை ஆட்டம் ஆடியிருக்க வேண்டும்?

பழைய பயிற்சியாளர் பில் பார்செல்ஸ் ஒரு பட்டியல் வைத்திருந்தார் என்பார்கள்: மூன்று ஆண்டுகள் முதன்மை ஆட்டக்காரர், பட்டம் முடித்தவர், 23 வெற்றிகள் என்று போகும். எல்லாவற்றையும் இன்று அப்படியே பின்பற்ற முடியாது. அனுபவம் என்ற ஒரு வரியை மட்டும் நான் இன்னும் விடவில்லை.

மிட்செல் ட்ரூபிஸ்கி கல்லூரியில் முதன்மை ஆளாகக் களமிறங்கித் தொடங்கியது 13 ஆட்டங்கள். 2017-இல் சிகாகோ அவருக்காக 3-ஆம் இடத்திலிருந்து 2-ஆம் இடத்துக்கு வர கூடுதல் தேர்வுகளைக் கொடுத்தது. டிரே லான்ஸ் தொடங்கியது 17. அதிலும் தொற்றுக்கால ஆண்டில் ஒரே ஓர் ஆட்டம். 2021-இல் அவருக்காக சான் பிரான்சிஸ்கோ மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளை வைத்தது. அந்த அணியில் அவர் தொடங்கியது 4 ஆட்டங்கள்தான். இதே அணி மறுவருடம் டிராஃப்டின் கடைசித் தேர்வாக, 262-ஆவது ஆளாக, பிராக் பர்டியை எடுத்தது. கல்லூரியில் நாலு வருடம் ஆடி அலுத்தவர். வீச்சு சுமார், உயரம் சுமார். அவர்தான் அந்த அணியை சூப்பர் பவுல் வரை கூட்டிப்போனார். லான்ஸுக்குக் காயமும் வந்தது, அதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் இந்தக் கதையை எந்த அணி மேலாளரும் சுவரில் மாட்டி வைக்கலாம்.

இப்போது கல்லூரி மாறுவது எளிதாகிவிட்டது, கல்லூரியில் இருந்துகொண்டே சம்பாதிக்கவும் 2021-இலிருந்து வழி உண்டு. அதனால் வயதும் அனுபவமும் கூடிய ஆட்கள் வருகிறார்கள். போ நிக்ஸ் 61 ஆட்டங்கள் தொடங்கிவிட்டு 24 வயதில் டென்வர் போனார். எதிர்க்கேள்வியும் இருக்கிறது: 23 வயதுக்காரர் 19 வயதுப் பையன்களை வெல்வதில் என்ன பெருமை? நியாயமான கேள்விதான்.

நட்சத்திரமாகிவிட்ட ஜோஷ் ஆலனை மட்டும் எப்படிக் கணித்தார்கள்?

கணிக்கவில்லை, துணிந்தார்கள். கலிஃபோர்னியாவில் ஒரு சிற்றூர்ப் பையன். பெரிய கல்லூரி எதுவும் கூப்பிடவில்லை. இரண்டாண்டுக் கல்லூரி ஒன்றில் ஆடி வயோமிங் போனார். அங்கே 56 சதவீதம்தான் பிடிபட்டது. கல்லூரியில் குறி தவறுபவர் தொழிலில் திருந்த மாட்டார் என்பது அதுவரை ஏறக்குறைய விதி. பஃபலோ 2018-இல் 7-ஆவதாக எடுத்தது. முதல் ஆண்டு 52.8 சதவீதம். விதி சரிதான் போல என்றோம். 2020-இல் 69.2. பயிற்சியாளர், ஸ்டெஃபான் டிக்ஸ் என்ற ரிசீவர், மாற்றிக் கட்டப்பட்ட வீச்சு, அவருடைய பிடிவாதம், எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தன. 2024-இன் சிறந்த வீரர் விருதும் அவருக்கே.

இந்த உதாரணத்தால் ஒரு கெடுதலும் நடந்தது. அதன்பின் உடல் வலுவும் தவறும் குறியும் உள்ள ஒவ்வொரு பையனும் ‘அடுத்த ஜோஷ் ஆலன்’ ஆகிவிட்டார். 2023-இல் ஆண்டனி ரிச்சர்ட்சன் 13 ஆட்டத் தொடக்கங்களோடு 4-ஆவதாகப் போனது அந்தக் காற்றில்தான்.

ஓடும் குவாட்டர்பேக்குகளை நம்பலாமா?

இந்தக் கேள்வியே பழசாகிவிட்டது. லமார் ஜாக்சன் கல்லூரி ஆட்டத்தின் உச்ச விருதான ஹைஸ்மனை வென்றவர். அவரைப் போய் ரிசீவராக மாறச் சொன்னார்கள். 2018-இல் முதல் சுற்றின் கடைசி இடமான 32-இல் பால்டிமோர் எடுத்தது. மறுவருடமே லீகின் சிறந்த வீரர். கறுப்பின குவாட்டர்பேக்குகளை வேறு இடத்துக்கு மாற்றிவிடும் பழைய வழக்கத்தின் வாடை அந்தப் பேச்சில் இருந்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். கால் இருப்பது குறையல்ல. கண் முதலில் போகிறதா, கால் முதலில் போகிறதா என்பதுதான் கேள்வி.

நேர்காணல், அறிவுத் தேர்வு?

12 நிமிடத்தில் 50 கேள்விகள் என்ற வொண்டர்லிக் தேர்வைக் கம்பைனில் பல காலம் நடத்தி, 2022-இல் நிறுத்தினார்கள். அதன்பின் கணினியில் எதிர்வினை வேகம் பார்க்கும் எஸ்2 தேர்வு பேசப்பட்டது. 2023-இல் சி.ஜே. ஸ்ட்ரவுட் அதில் மிகக் குறைந்த மதிப்பெண் எடுத்ததாகச் செய்தி கசிந்தது. அவர் ஹூஸ்டனில் முதல் பருவத்திலேயே 4,108 யார்டு, 23 டச்டவுன், 5 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட வீச்சு). இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

வெள்ளைப் பலகை நேர்காணல் வேறு விஷயம். ஒரு தாக்குதல் திட்டத்தை வரையச் சொல்லி, பதினொரு பேரும் எங்கே போகிறார்கள், ஏன் போகிறார்கள் என்று விளக்கச் சொல்வார்கள். அரை மணி கழித்து வேறு பேச்சுக்கு நடுவே அதையே திரும்ப வரையச் சொல்வார்கள். அதை நேரில் பார்க்க நமக்கு வழியில்லை, அணிகளுக்கு நம்மைவிடத் தெரியும் என்று ஒப்புக்கொள்ள வேண்டிய இடம் அது.

கல்லூரியிலேயே அணிகளுக்கு எறிந்து காட்டும் ப்ரோ டே?

எதிராளி இல்லை, மனப்பாடம் செய்த அறுபது எழுபது வீச்சு, பின்னணியில் பாட்டு. டீ குடித்துக்கொண்டே பார்க்கலாம்.

டாம் பிரேடியை 198 பேருக்குப் பிறகு எடுத்தார்களே, அத்தனை பேருமா குருடர்கள்?

2000-இல் அவருக்கு முன் ஆறு குவாட்டர்பேக்குகள் போனார்கள். 40 யார்டை 5.28 நொடியில் ஓடினார், கம்பைனில் எடுத்த, சட்டையில்லாத அந்தப் படத்தில் பார்த்தால் ஜிம் பக்கமே போகாதவர் மாதிரி இருப்பார். மிச்சிகன் கல்லூரி அணியில் இடத்துக்கே போட்டி. கடைசி ஆண்டில் அணி பின்தங்கியிருந்த ஆட்டங்களை மீட்டது வீடியோவில் இருந்தது; யாரும் அதற்கு எடை போடவில்லை. ஆனால் அவரை எடுத்த நியூ இங்கிலாந்தும் ஆறாம் சுற்று வரை அவரை விட்டு வைத்ததுதானே? ஏழு சூப்பர் பவுல் வெல்வார் என்று தெரிந்திருந்தால் அப்படிக் காத்திருப்பார்களா! அவர்களுக்கும் அதிர்ஷ்டம்தான்.

போய்ச் சேரும் அணி எவ்வளவு முக்கியம்?

பாதி அதுதான் என்பேன். மஹோம்ஸை 2017-இல் எடுத்த கான்சஸ் சிட்டி 12 ஆட்டம் வென்றிருந்த அணி. அலெக்ஸ் ஸ்மித் என்ற மூத்தவர் பின்னால் ஒரு வருடம் உட்கார வைத்தார்கள். அந்தப் பருவத்தில் அவர் தொடங்கியது கடைசி ஆட்டம் ஒன்றுதான். மறுவருடம் 50 டச்டவுன்.

2023-இல் பிரைஸ் யங் போன கரோலினா அவருக்காகத் தன் நல்ல ரிசீவரையே கொடுத்துவிட்டு வந்த அணி. யாருக்கு எறிவார் பாவம்? 11 ஆட்டத்தில் பயிற்சியாளரை நீக்கினார்கள், அந்த ஆண்டு அவர் 62 முறை சாக் ஆனார். சாம் டார்னால்டு நியூயார்க்கில் தோற்றவர் என்று எழுதி மூடப்பட்ட கணக்கு. நாலாவது அணியான மின்னசோட்டாவில் 2024-இல் 14 வெற்றி. ஆள் அதே ஆள்தான்.

நீங்கள் தப்பாகக் கணித்தது உண்டா?

நன்றாக. 2018-இல் முதல் சுற்றில் ஐந்து குவாட்டர்பேக்குகள் போனார்கள். என் நோட்டில் முதல் இடம் ஜோஷ் ரோசனுக்கு. கால் வைப்பு அத்தனை சுத்தம், பந்து கையை விட்டுக் கிளம்புவதே பார்க்க சுகமாக இருக்கும். ஆலன் பெயருக்கு நேரே ‘குறி இல்லை, வேண்டாம்’ என்று எழுதி இரண்டு கோடு வேறு போட்டிருந்தேன். லமாருக்குக் கேள்விக்குறி.

அரிசோனா ரோசனை 10-ஆவதாக எடுத்தது. அக்டோபரிலேயே தாக்குதல் பயிற்சியாளரை நீக்கினார்கள், பருவம் முடிந்ததும் தலைமைப் பயிற்சியாளரையும். 13 ஆட்டம் தொடங்கி 3 வெற்றி. மறுவருடம் அதே அணி முதல் தேர்வில் கைலர் மர்ரியை எடுத்துக்கொண்டு ரோசனை மயாமிக்கு அனுப்பிவிட்டது. தப்பு என் கண்ணிலா, அவர் போன இடத்திலா என்று இன்றும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. சில மாதங்களுக்கு முன் அவருடைய பழைய யூ.சி.எல்.ஏ. கல்லூரி ஆட்டம் ஒன்றைத் திரும்பப் போட்டேன், மூன்றாவது டவுன்கள் மட்டும். பாய்ந்து வருபவர் நெருங்கியதும் இரண்டு மூன்று இடங்களில் கண் கீழே இறங்கியது போல் இருந்தது. 2018-இலும் அதே வீடியோவைத்தான் பார்த்திருந்தேன்.